கீரனூர் சில்லறை டப்பாவும் அம்மன் காசும்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கீரனூரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவதுதான் வழக்கம். விமான நிலையம் தாண்டி, மாத்தூர் தாண்டி, செம்மண்ணும் தைல மரமும் மொட்டைப் பாறையுமாக ஓடுகிற சாலையில் ஏறக்குறையப் பாதி வழியில் இருக்கிறது ஊர். பழனிப் பக்கத்தில் இன்னொரு கீரனூர் உண்டு. மாவட்டத்தின் பெயரைச் சேர்த்து எழுதாவிட்டால் கல்யாணப் பத்திரிகை அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இன்னொரு வேடிக்கை: தாலுகாவுக்குப் பெயர் குளத்தூர்; தாலுகா ஆபீஸ் இருப்பதோ கீரனூரில்!

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஊருக்குள் உத்தமநாதர் கோவில். கொஞ்சம் தெற்கே நார்த்தாமலை: மலைமேல் விஜயாலய சோழீச்சரம், அடிவாரத்தில் முத்துமாரியம்மன். பங்குனித் திருவிழாவின்போது அந்தச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. குன்றாண்டார் கோவில் குடைவரையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் எட்டிவிடும் தூரம். சோழர் காலத்தில் நார்த்தாமலை பெரிய வணிகர் ஊர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவின் பெயரை அங்குள்ள கல்வெட்டில் படிக்கலாம். இதைப் பற்றியெல்லாம் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது கீரனூரின் சில்லறையைப் பற்றி.

சிரிக்காதீர்கள்! திருச்சியில் இப்போது கீரை வாங்கினாலும் போனைத்தான் நீட்டுகிறோம். கீரனூர் பஸ் நிறுத்தத்தில் பூ விற்கிற அம்மாளிடமும் அந்தச் சதுர அட்டை தொங்குகிறது. ஆனால் பக்கத்தில் சில்லறைக் கிண்ணமும் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுக்கிறார்கள். கோவில் தட்டு, டீக்கடை, பஸ் டிக்கெட் என்று காசு இந்த வட்டாரத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அப்படிச் சுற்றும் காசில் நாற்பது வருஷத்து வகைகளும் கலந்து கிடக்கும்.

என் நாத்தனாரை இந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறோம். அவளுடைய மாமியாருக்கு எண்பத்தாறு வயது. வீட்டில் எல்லாருக்கும் அவர் அப்பத்தா. நாத்தனார் மகன் புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான். அவனுக்குக் காசு சேர்க்கிற பைத்தியம். போன மாதம் நான் போயிருந்த சமயம், எதிர் வீட்டு இட்லிக்கடை அம்மாள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னக்கா, என்ன ஆச்சு?" என்றாள் நாத்தனார்.

"என்னத்தைச் சொல்ல... உம் மகனைக் கொஞ்சம் கூப்பிடு தாயி. இதுல லட்ச ரூவா காசு இருக்காம். இருக்கா இல்லையான்னு அவன் பாத்துச் சொல்லட்டும். சாயங்காலத்துக்குள்ள பணம் கட்டணும்."

விஷயம் இதுதான். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசு இருந்தால் பத்து லட்சம் கிடைக்கும் என்று போனில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. டப்பாவைக் கிளறினால் அதே காசு! போட்டோ எடுத்து அனுப்பினார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "வாழ்த்துக்கள் அம்மா, உங்கள் காசு தேர்வாகிவிட்டது. பதிவுக் கட்டணம் 1,250 ரூபாய் அனுப்புங்கள்." அனுப்பிவிட்டார். மறுநாள் ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட ஒரு கடிதம் போனில் வந்தது. ஜி.எஸ்.டி. வரி 18,500 ரூபாய் கட்டினால் பணம் வீட்டுக்கே வந்துவிடுமாம். அதற்காகத் தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, அடகுக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நடுவில் என்னவோ தோன்றித்தான் திண்ணைப் பக்கம் திரும்பியிருக்கிறார்.

பையன் காசை வாங்கிப் பார்த்தான். "பெரியம்மா, வைஷ்ணவ தேவி கோவில் நிர்வாகக் குழுவுக்கு வெள்ளி விழா வந்தப்ப, 2012-ல அஞ்சு ரூபாயும் பத்து ரூபாயும் போட்டாங்க. எக்கச்சக்கமா அடிச்ச காசு. எங்கிட்டயே நாலு இருக்கு" என்றான்.

அந்த அம்மாள் அவனை நம்பவில்லை. கடிதத்தைக் காட்டினார். "இங்க பாரு, கவர்மெண்டு முத்திரை!"

இதை எல்லாச் சகோதரிகளும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய காசு, நோட்டு வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது கட்டணமோ கமிஷனோ வரியோ கேட்டால் அது மோசடி. அப்படிப்பட்ட வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதே இல்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டிருக்கிறது. வாங்குகிறவன்தானே பணம் கொடுக்க வேண்டும்? விற்கிறவளிடம் எதற்குக் கேட்கிறான்? இந்தக் கேள்வியைக் கேட்டது அப்பத்தா. "மாடு விக்கப் போறவகிட்ட மாட்டு வெலையக் கேப்பானாடி எவனாச்சும்?" என்றார். முத்திரைக்கு அசையாத இட்லிக்கடை அம்மாள் அதற்கு அசைந்தார். தோடு மறுபடி காதுக்குப் போயிற்று. இப்படி ஏமாந்தவர்கள் புகார் கொடுக்க 1930 என்று ஒரு போன் நம்பர் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம். பையன் உடனே கூப்பிட்டுப் பதிவு செய்தான். ஆனால் ஒரு நாள் கடந்துவிட்டதே! அந்த 1,250 ரூபாய் இதை எழுதும் வரை திரும்பவில்லை.

"அப்ப இந்த டப்பாவுல ஒண்ணுமே இல்லையா?" என்று அந்த அம்மாள் கேட்ட குரல் எனக்கு என்னவோ செய்தது. பையன் ஒரு பழைய வேட்டியை விரித்து டப்பாவைக் கொட்டினான். நாங்கள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். ராத்திரி இட்லி மாவு ஆட்டுகிற நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

காசைப் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. நாம் பூவா தலையா என்று இரண்டு பக்கம்தான் பார்ப்போம். காசு சேர்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது வருஷத்தை. அடுத்தது வருஷத்துக்குக் கீழே இருக்கிற கடுகளவு அடையாளத்தை. நம் நாட்டில் நாலு நாணயச்சாலைகள். வைர வடிவம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. நொய்டா நாணயச்சாலை வேலையைத் தொடங்கியதே 1988-ல்தான். அதனால் அதற்கு முந்தைய வருஷத்துக் காசில் அந்தப் புள்ளியை எதிர்பார்க்க வேண்டாம். (சென்னையில் தங்கசாலைத் தெரு என்று பெயர் மட்டும் மிச்சம். அங்கே இப்போது காசு அடிப்பதில்லை!) ஒரே வருஷத்து ஒரு ரூபாய் நாலு விதமாக இருக்கலாம் என்று தெரிந்ததும் நாத்தனாருக்கு ஆவல் வந்துவிட்டது. அரிசியில் கல் பொறுக்குகிற கண் அல்லவா நமக்கு? பையன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததை அவள் வெறும் கண்ணால் பார்த்தாள்.

"அண்ணி, இங்க பாருங்க. இதுல 1985 போட்டு, ஒண்ணுக்கு அடியில இங்கிலீஷ் எழுத்து மாதிரி இருக்கு."

பையன் வாங்கிப் பார்த்துவிட்டுத் துள்ளினான். ஆங்கில 'எச்' எழுத்து! அதற்குக் கதை இருக்கிறது. எண்பதுகளில் சில்லறைத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று வயதானவர்களுக்கு நினைவிருக்கும். கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதித் தருவார். மளிகைக் கடைக்காரர் சில்லறைக்குப் பதில் ஆரஞ்சு மிட்டாய் தருவார். நம் நாணயச்சாலைகளால் ஈடுகொடுக்க முடியாமல், காசை வெளிநாட்டில் அடித்து வரவழைத்தது அரசாங்கம். 1985 ஒரு ரூபாயில் முதல் எண்ணின் அடியில் வைர அடையாளம் இருந்தால் அது பிரிட்டனின் ராயல் மின்ட் அடித்தது. 'எச்' இருந்தால் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து ஹீட்டன் நாணயச்சாலை. மறுபடி 1997-ஐ ஒட்டியும் அப்படி வந்தது. 'எம்' எழுத்தும் அதன் தலையில் சின்ன வட்டமும் இருந்தால் மெக்ஸிகோ; 'எம்.கே.' இருந்தால் ஸ்லோவாக்கியா, 'எம்.எம்.டி.' இருந்தால் மாஸ்கோ. கீரனூர் இட்லிக்கடை டப்பாவில் மாஸ்கோ காசும் ஒன்று கிடந்தது. தேங்காய்ச் சட்னிக் கையால் எத்தனை தடவை புழங்கியிருக்குமோ!

இந்த வெளிநாட்டுக் காசுகள் அபூர்வமா என்றால், இல்லை. கோடிக் கணக்கில் வந்தவை. ஆனால் தேடி எடுத்து வைத்துக்கொள்ள அழகானவை. அந்த 'எச்' காசைத் திண்ணையில் கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பத்தா தன் சுருக்குப் பையை அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு நெளிந்த மோதிரம்... அடியிலிருந்து சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செப்புக் காசு.

"எங்க ஆத்தாவப் பெத்தவ அரமனையில வாங்குனது" என்றார்.

அம்மன் காசு!

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு சேரும் வரை புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்று சொல்லிக்கொண்டவர்கள். திருக்கோகர்ணம் கோவிலில் இருக்கிற பிரகதாம்பாள்தான் அந்த அம்மன். காசின் ஒரு பக்கம் அம்மன் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்தில் இருக்கும். இருபது அம்மன் காசு சேர்ந்தால் ஓர் அணா. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 320 காசு! நவராத்திரி நாட்களில் அரண்மனையில் தானமாக அரிசியும் அதோடு அம்மன் காசும் கொடுப்பது வழக்கம். விஜயரகுநாதராயத் தொண்டைமானுக்கு 1738-ல் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரர் மணலில் எழுதி உபதேசம் செய்தார், அந்த மணலை அரண்மனையில் வைத்துப் பூஜித்தார்கள், நவராத்திரிச் சிறப்பெல்லாம் அதிலிருந்து வந்தது என்பார்கள். 'அம்மன் காசு பெறாது' என்று யாரையாவது வைய நினைத்தால் புதுக்கோட்டைச் சீமையில் வையாதீர்கள். அது அம்பாள் பிரசாதம்.

முதலில் இந்தக் காசை உள்ளூரிலேயே அடித்தார்கள். அவை கோணல்மாணலாக இருக்கும். அச்சு ஒரு பக்கம் தள்ளி விழுந்திருக்கும். சிலவற்றில் அம்மனின் பாதி உருவம்தான் தெரியும். 1889 முதல் வெளிநாட்டில் அடித்து வரவழைத்தார்கள். அப்பத்தா கையில் இருந்தது அந்த வகை. எண்ணெய் ஊறி வழுவழுவென்று, சுத்தமான வட்டமாக. எந்த ஊரில் அடித்தது தெரியுமா? அதே பர்மிங்காம், அதே ஹீட்டன் நாணயச்சாலை! கிட்டத்தட்ட நூறு வருஷ இடைவெளியில் ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு காசும் கீரனூரில் ஒரு வேட்டியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று அம்மன், மற்றது அசோகச் சிங்கம். அந்த நாணயச்சாலையையே 2003-ல் மூடிவிட்டார்கள் என்றான் பையன். அப்பத்தாவுக்கு அதில் அக்கறை இல்லை. "நம்ம ஊரு காசு சீமையிலயா செஞ்சது?" என்பதிலேயே அவர் நின்றுவிட்டார். மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

இனி பிழைக் காசுக்கு வருவோம். இதில்தான் ஏமாற்றுக்காரர்களுக்கு நல்ல அறுவடை. காசு பிறக்கிற விதம் தெரிந்தால் பாதி ஏமாற்று புரிந்துவிடும். பெரிய உலோகத் தகட்டிலிருந்து, நாம் டம்ளரால் தட்டைக்கு மாவை வெட்டுவதுபோல, வெற்று வட்டங்களை வெட்டி எடுக்கிறார்கள். அந்த வட்டத்தை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து ஒரே அமுக்கு. ஒரு நொடிக்குள் பூவும் தலையும் விழுந்துவிடும். மாவு வெட்டும்போது முந்தின வட்டத்தின்மேல் டம்ளர் ஏறினால் பிறை மாதிரிக் குறையும் அல்லவா? காசிலும் அப்படி ஓரம் கடித்தாற்போலக் குறைந்துவிடுவது உண்டு. வட்டம் நகர்ந்திருந்தால் படம் மையம் விலகி விழும். அடித்த காசு வெளியே வராமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கத்தில் அதே படம் குழியாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறி விழும். அச்சில் விரிசல் விட்டால் காசில் மெல்லிய மேட்டுக் கோடு ஓடும். இவையெல்லாம் உண்மையான பிழைகள். நாணயச்சாலையில் பொறுக்கி எடுத்தது போகத் தப்பி வந்தவை.

வீட்டிலேயே பார்க்க ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. சிங்கம் நேராக நிற்கும்படி காசின் தலையையும் அடியையும் இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல இடவலமாகச் சுற்றுங்கள். நம் நாட்டுக் காசு என்றால் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் சாய்வது சகஜம். தலைகீழாக நின்றால் எடுத்து வையுங்கள். அன்றைக்கு எங்களுக்கு அப்படி ஒன்று அகப்பட்டது: ஓர் எஃகு இரண்டு ரூபாய், முக்கால்வாசி திரும்பியது. மையம் விலகிய ஒரு ரூபாய் ஒன்றும் அகப்பட்டது. அதில் ஓரத்தில் வெறும் பிறை தெரிந்தது; ஆனால் வருஷம் முழுதாக இருந்தது. வருஷம் தெரிகிற பிழைக் காசுக்குத்தான் மதிப்பு அதிகமாம்.

"எவ்வளவுடா வரும்?" என்றார் இட்லிக்கடை அம்மாள்.

"லட்சமெல்லாம் வராது பெரியம்மா. அந்த வகை பிடிச்சு சேக்கிறவங்க குடுக்கிறதுதான் வெலை. கண்காட்சி நடக்கிறப்ப நாலு பேர்கிட்டக் காட்டலாம். அவசரப்பட்டுக் குடுக்காதீங்க."

போலிப் பிழைகளும் டப்பாவில் இருந்தன. சம்மட்டியால் தட்டி நெளித்தது, தண்டவாளத்தில் வைத்துத் தட்டையானது, அமிலத்தில் போட்டு இளைத்தது, இரண்டு காசை அறுத்து ஒட்டி இருபக்கமும் பூவாக்கினது... நகைக் கடைத் தராசு இருந்தால் பாதி உண்மை வெளிவந்துவிடும். பழைய கனமான ஐந்து ரூபாய் ஒன்பது கிராம் இருக்க வேண்டும். 1985 ஒரு ரூபாய் ஆறு கிராம். ஒட்டின காசைக் கல்லில் போட்டால் 'ணங்'கென்ற ஓசை வராது, 'பொத்'தென்று விழும். விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவினால் ஒட்டுத் தட்டுப்படும்.

இரண்டு கம்பி ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரிப் படம் போட்ட எஃகு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்களும் நிறைய வந்தன. 2004-ஐ ஒட்டி வந்தவை. சிலுவை மாதிரி இருக்கிறது என்று அப்போது பெரிய சர்ச்சை. 2007-ல் அதை மாற்றிக் கை முத்திரை போட்டார்கள். ஒரு ரூபாய்க்குக் கட்டைவிரல், இரண்டு ரூபாய்க்கு இரண்டு விரல். பரத நாட்டியம் படிக்கிற பெண்கள் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடுவார்கள். நம் ஊர்ச் சம்பந்தமான காசுகளும் உண்டு. 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வள்ளுவர், 2004-ல் காமராஜர், 2009-ல் அண்ணா, 2010-ல் தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டு. அண்ணா காசில் அவர் கையெழுத்தே தமிழில் இருக்கிறது. இவற்றை எடுத்து ஒரு காகித உறையில் போட்டு வைத்தால் பேரக் குழந்தைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கலாம். 'லட்சம் பெறும்' என்று யாராவது சொன்னால் மட்டும் வாசலைக் காட்டுங்கள்.

நம் கை சும்மா இருக்காதே! நாத்தனார் புளியும் சாம்பலும் கொண்டுவந்துவிட்டாள், அம்மன் காசைத் துலக்க. பையன் அலறினான். பழங்காசைப் புளி, எலுமிச்சை, சாம்பல், பாலிஷ் எதையும் போட்டுத் துலக்கக் கூடாது. செம்பின் மேல் படிந்திருக்கிற அந்தப் பழுப்பு நிறம்தான் அதன் வயது. தேய்த்தால் பளபளக்கும்; ஆனால் மதிப்பு போய்விடும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கொழகொழவென்ற பிளாஸ்டிக் உறை நாளடைவில் பச்சை பூக்க வைக்கும். காகித உறையே நல்லது.

தரம் பிரித்து முடித்தபோது ஒரு பெரிய குவியல் தனியாக நின்றது. அத்தனையும் பத்து ரூபாய்க் காசு. எண்ணினால் 386. அதாவது 3,860 ரூபாய்! "அது செல்லாத காசு தாயி. கடைக்காரன் வாங்க மாட்டேங்கிறான், பஸ்ஸுலயும் வாங்க மாட்டேங்கிறான். திருப்பிக் குடுத்தா இட்லி வாங்க வர்றவுக சண்டைக்கு வர்றாக. அதான் டப்பாவுல போட்டு வச்சிட்டேன்" என்றார் அந்த அம்மாள். எத்தனை வருஷத்துச் சேமிப்பு!

செல்லாது என்று யார் சொன்னது? பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி. ரூபாய்க் குறி இல்லாவிட்டால் போலி என்றெல்லாம் நம் ஊர்களில் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ரூபாய்க் குறி காசில் வந்ததே 2011-ல்தான். அதற்கு முந்தியதில் எப்படி இருக்கும்? பதினாலு விதமான பத்து ரூபாய்க் காசு வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. உண்மையிலேயே செல்லாமல் போனவை 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும். 2011 ஜூன் 30-ஓடு அவற்றின் காலம் முடிந்தது. காண்டாமிருகம் போட்ட நாலணா கிடைத்தால் குழந்தைக்குக் காட்டிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பைசா இன்னும் சட்டப்படி செல்லும். நம் கடைக்காரர்கள்தான் முகம் சுளிப்பார்கள். ஒரு தடவை கொடுக்கல் வாங்கலில் ரூபாய்க் காசாக ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம் என்கிறது 2011-ம் வருஷத்து நாணயச் சட்டம். வங்கியில் கட்டுவதற்கு அந்தக் கணக்கு இல்லை.

நூறு நூறாகப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டினோம். மூன்று பை, மிச்சம் 86. மறுநாள் நாத்தனாரும் அந்த அம்மாளும் வங்கிக்குப் போனார்கள். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்ததாம். பிறகு எண்ணி வாங்கிக்கொண்டு கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். சாயங்காலம் வந்து பாஸ் புத்தகத்தை அப்பத்தாவிடம் காட்டிவிட்டுப் போனார். மையம் விலகிய ஒரு ரூபாயையும் திரும்பின இரண்டு ரூபாயையும் மட்டும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தருகில் வைத்திருக்கிறார். விற்கப் போவதில்லையாம்.

காசு என்று பேச்சு வந்ததால் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. காசைக் கொட்டி எண்ணுகிற இடத்தில் தவழுகிற குழந்தை கூடாது. தப்பித் தவறி விழுங்கிவிட்டால் வாய்க்குள் விரல் விட்டு நோண்டுவது, தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, வாந்தி எடுக்க வைப்பது, வாழைப்பழத்தைத் திணிப்பது எதுவும் வேண்டாம். குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் டாக்டரிடம் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, காசு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வயிற்றுக்குள் போயிருந்தால் பெரும்பாலும் மலத்தோடு தானே வந்துவிடும். எச்சில் ஒழுகினால், விழுங்க முடியாமல் தவித்தால், மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. விழுங்கினது காசா, பொம்மையிலும் கடிகாரத்திலும் இருக்கிற பொத்தான் பேட்டரியா என்று சந்தேகம் வந்தாலே அவசரம். அந்தப் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும்.

இன்னொன்று. "தொப்புள் துருத்திக்கிட்டிருந்தா இந்த அம்மன் காசைத்தான் வச்சுக் கட்டுவோம், எம் மகனுக்குக்கூடக் கட்டினேன்" என்றார் அப்பத்தா. நம் வீடுகளில் இன்றைக்கும் ஒரு ரூபாயை வைத்துத் துணியால் கட்டுகிறவர்கள் உண்டு. டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். காசினால் தொப்புள் அமுங்குவதில்லை. அழுக்குக் காசும் வியர்வையும் சேர்ந்து புண்ணாகிச் சீழ் வைக்கத்தான் வாய்ப்பு. பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலைந்து வயதுக்குள் தானே சரியாகிவிடும். துருத்தின இடம் கெட்டியாகி, குழந்தை வலியால் அழுது வாந்தி எடுத்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சொன்னால் அப்பத்தா கேட்பாரா? "எம் மகன் நல்லாத்தானே இருக்கான்" என்றார். மகனுக்கு வயது அறுபது!

அம்மன் காசைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கீரனூரிலிருந்து பஸ் ஏறி, புதுக்கோட்டைக்கு முன்னாலேயே திருக்கோகர்ணத்தில் இறங்கிக்கொள்ளலாம். கோவிலும் அங்கேதான், 1910-ல் ஆரம்பித்த அரசு அருங்காட்சியகமும் அங்கேதான். பாறையைக் குடைந்த சந்நிதியில் கோகர்ணேசுவரர், பக்கத்தில் பிரகதாம்பாள். அருங்காட்சியகத்தில் காசுகளுக்கென்று தனி இடம் இருக்கிறது. பிழைக் காசில் ஆசை வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி ஒன்று: இந்தச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் 1898-ல் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியத் தங்கக் காசுகள்! அவற்றில் பெரும்பாலானவற்றில் ரோமச் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரே வெட்டு. நாணயச்சாலைப் பிழை அல்ல. யாரோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள். மறுபடி காசாகப் புழங்காமல் வெறும் தங்கமாக எடை போட்டுக் கொடுக்கவா, வேறு எதற்காகவா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அதில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்விட்டது.

போகிற நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விசேஷம். அருங்காட்சியகத்துக்கோ வெள்ளிக்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமையாகப் போனால் இரண்டையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் கீரனூர் திரும்பிவிடலாம்.